ஏற்காட்டில் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்கள் அவசரமில்லாமல் சுற்றிப் பார்க்க

ஏற்காடு போய்வந்த நிறையப் பேர், "அங்கே பார்க்க அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எப்படிப் போனார்கள் என்று விசாரித்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மலையேறி, ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் தேடி, படகுக்கு வரிசையில் நின்று, வெயிலில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் படம் எடுத்து, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு இறங்கியிருப்பார்கள். சேலத்துக்காரனாக எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். மலையில் குறை இல்லை. அவர்கள் போன நேரமும் வரிசையும்தான் தப்பு. ஏரியில் தொடங்காதீர்கள், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிழக்கு விளிம்பு, பிறகு உச்சி, வெயில் ஏறும்போது மரநிழல், சாயங்காலம் மேற்கு விளிம்பு என்று சூரியனோடு சேர்ந்து நகர்ந்தால் அதே ஊர் வேறு ஊராகத் தெரியும்.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன். இது தேசியப் பூங்கா இல்லை. வாசலில் சீட்டு வாங்கி, வனத்துறை ஜீப்பில் ஏறி, வழிகாட்டி சொல்லச் சொல்லப் பார்க்கிற இடம் என்று நினைத்து வரவேண்டாம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்தச் சேர்வராயன் மலையில் காப்புக்காடு, காபி எஸ்டேட், மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் கிராமங்கள், பழைய வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்கள், விடுதிப் பள்ளிகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஒரு வளைவு வரை காடு, அடுத்த வளைவில் ஒருவருடைய தோட்டம், அதற்கடுத்து ஊர்க்கோயில். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று சொல்ல ஆள் இருக்காது, நாமே பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

கிழமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை: செவ்வாய், புதன், வியாழன். சனி, ஞாயிறு மட்டும்தான் முடியும் என்றால் சனிக்கிழமை விடியற்காலையே ஏறிவிடுங்கள்.

மாதம் என்பது உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. அருவியில் தண்ணீர், பச்சை, பனிமூட்டம் எல்லாம் வேண்டும் என்றால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, ஆனால் புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் தயவுசெய்து போகாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. தெளிவான வானமும் குளிரும் வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. எஸ்டேட்டில் காபி பூப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல கோடை மழை பெய்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போக வேண்டும், அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மே மாதம் கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி எல்லாம் நடக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் நிதானமாகச் சுற்ற அது நேரம் இல்லை.

ஏறுவது எப்படி

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சாதாரண சாலைதான், அதற்கப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஊர் 1,500 மீட்டரை ஒட்டி. ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் ஏறுவதால்தான் காது அடைக்கிறது, சிலருக்கு வயிற்றைப் புரட்டுகிறது. காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள் அல்லது ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வரும் பழக்கம் இருப்பவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தபடி வாருங்கள், செல்போனைப் பார்க்கவே வேண்டாம். காலைச் சாப்பாடு இரண்டு இட்லியோடு நிற்கட்டும். பூரி, பொங்கலை மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காடு பஸ்கள் உண்டு. சென்னையிலிருந்து வருகிறவர்கள் இரவு கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் சேலம் ஜங்ஷனில் இறங்கிவிடலாம். பெயரைப் பார்த்து அது மலைக்கே போகும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது ஈரோடு வண்டி, சேலத்தில் இறங்க வேண்டும். ஜங்ஷனுக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே டவுன் பஸ் இருக்கிறது. பஸ்ஸில் ஏறியதுமே கண்டக்டரிடம் மேலேயிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் சாயங்காலம் முழுக்க மனசு அதிலேயே இருக்கும்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு: பெட்ரோலைச் சேலத்திலேயே நிரப்பிவிடுங்கள், டயரில் காற்றும் பிரேக்கும் பார்த்துவிடுங்கள். ஏறும்போது இரண்டாவது கியரே பெரும்பாலான வளைவுக்குப் போதும், சில இடத்தில் முதல் கியர் கேட்கும், இன்ஜின் திணறும்போது கியரைக் குறைக்கத் தயங்காதீர்கள். மலைப்பாதையில் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவுக்கு முன் ஹாரன் கொடுங்கள், வளைவுக்குள் முந்தாதீர்கள், எதிரே பஸ் வந்தால் அது அகலமாக எடுத்துத் திரும்பும் என்பதை நினைவில் வைத்து முன்னாடியே ஒதுங்கி நில்லுங்கள். வளைவிலேயே நிறுத்திப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம், அதற்கென்று அகலமான இடங்கள் வழியில் இருக்கின்றன.

பாதையோரக் குரங்குகள் உங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வரும். ஒன்றும் போடாதீர்கள். வண்டியை நிறுத்தி பிஸ்கட் போட்டுப் போட்டுத்தான் அவை காட்டை விட்டுச் சாலையிலேயே குடியிருக்கின்றன, வண்டியில் அடிபட்டும் சாகின்றன. பார்க்கவே சகிக்காது.

கையில் என்ன இருக்க வேண்டும்

நல்ல பிடிமானம் உள்ள செருப்போ ஷூவோ, ஒரு ஸ்வெட்டர் (மே மாதமே ஆனாலும் சாயங்காலம் தேவைப்படும்), ஒரு குடை, வீட்டிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில், சில்லறையோடு ரொக்கப் பணம். ஊருக்குள் செல்போனிலேயே பணம் கொடுத்துவிடலாம், ஆனால் எஸ்டேட் பக்கம் போனால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கும் கப்புகளுக்கும் 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாடு முழுக்கத் தடை இருக்கிறது, ஒரு துணிப்பை எடுத்துக்கொண்டால் வாங்குவதைப் போட்டுக்கொள்ளவும் ஆகும், உங்கள் குப்பையைத் திருப்பி எடுத்துவரவும் ஆகும்.

சொந்த வண்டி இல்லாதவர்கள் ஒண்டிக்கடை ரவுண்டானாவிலோ ஏரிப் பக்கமோ ஆட்டோ, வாடகைக் கார் பிடிக்கலாம். எந்தெந்த இடம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், மொத்தம் எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். "பத்து பாயிண்ட் காட்டுறேன் சார்" என்று சொன்னால், நாலு போதும் அண்ணா, ஆனால் அவசரப்படுத்தக்கூடாது என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

காலை ஏழரை: பகோடா பாயிண்ட்

சேலத்தை ஆறு மணிக்கு விட்டால் ஏழரைக்கெல்லாம் நீங்கள் பகோடா பாயிண்டில் நிற்கலாம். ஏரியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். மலையின் கிழக்குப் பக்க விளிம்பு இது, அதனால்தான் காலையில் இங்கே வரச் சொல்கிறேன். முகத்துக்கு நேரே வெளிச்சம் வரும், கீழே பள்ளத்தாக்கில் பனி இருந்தால் அது மெல்லக் கலைவதை உட்கார்ந்தே பார்க்கலாம், கலைந்தபின் ரொம்பக் கீழே காக்கம்பாடி கிராமத்து வீடுகளும் வயல்களும் தெரியும். கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம்போல் அடுக்கி வைத்திருப்பதால்தான் இந்தப் பெயர், பக்கத்தில் ராமர் கோயிலும் இருக்கிறது. அந்த அடுக்கில் கை வைக்காதீர்கள், உங்கள் பங்குக்கு ஒரு கல்லை ஏற்றி வைக்கவும் வேண்டாம், அது வழிபாட்டோடு சேர்ந்த இடம்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கருஞ்சாம்பல் பாறையைக் கொஞ்சம் கவனியுங்கள். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி இந்தச் சார்னோக்கைட் என்ற பாறைதான், சென்னைப் பரங்கிமலையும் பல்லாவரமும் இதே இனம். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை இந்த வகைக் கல்லில் செய்யப்பட்டதைக் கண்டுதான் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். பூமியின் மிக ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. மேலே இருந்ததெல்லாம் கரைந்து போனபின் வெளியே வந்து, நாம் அதன்மேல் உட்கார்ந்து சுண்டல் தின்கிறோம் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

குழந்தைகளைக் கூட்டிவந்தால் கையை விடாதீர்கள். தடுப்பைத் தாண்டிப் பாறை நுனிக்குப் போய்ப் படம் எடுப்பவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம், நீங்கள் போகாதீர்கள். காலைப் பனியில் பாறை வழுக்கும். ஒரு மணி நேரமாவது இருங்கள்.

ஒன்பது மணி வாக்கில்: சேர்வராயன் கோயில்

ஊருக்குள் திரும்பி வந்து, ஒரு காபி குடித்துவிட்டு, சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். மலையிலேயே உயரமான பகுதி இதுதான், 1,600 மீட்டருக்கும் மேல். ஏறி வந்த ஆளுக்குக் கூரான சிகரம் ஒன்று இருக்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும், ஆனால் மேலே போனால் பரந்த சமவெளி, புல், காற்று. உச்சி இப்படித் தட்டையாக இருப்பதற்கும் காலடியில் மண் செக்கச் செவேல் என்று இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: நெடுங்காலம் வெயிலும் மழையும் பட்டுப் பாறை மக்கி உண்டான செம்பாறைப் படலம் மூடிபோல மேலே இருக்கிறது. அதில்தான் பாக்சைட் கனிமம். மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு இந்த மலையிலிருந்து பாக்சைட் வெட்டி எடுத்துப் போனார்கள், அந்தச் சுவடுகளை வழியிலேயே பார்ப்பீர்கள்.

கோயில் ஒரு குகை. சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே இருக்கிறார்கள். கோபுரம், பிரகாரம் எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், குனிந்துதான் உள்ளே போக வேண்டும், இடம் குறுகல், இருட்டு, குளிர்ச்சி. மலைக் கிராமத்து மக்களுக்கு இது குலதெய்வம், கோடையில் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் திரண்டு வரும். சுற்றுலா இடமாக நினைத்துக்கொண்டு செருப்போடு வாசல்வரை போவதும், உள்ளே வெளிச்சம் அடித்துப் படம் எடுப்பதும் அவர்கள் மனதைப் புண்படுத்தும். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து அந்தப் புல்வெளியில் நடங்கள். காற்று அடிக்கிற அடியில் குடை நிற்காது, தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றுகிறவர்கள் கோயிலைப் பார்த்ததும் வண்டி ஏறிவிடுவார்கள். நீங்கள் அரை மணி நேரம் கூடுதலாக இருந்து மேட்டின் ஓரங்கள் வரை நடந்து பாருங்கள், ஒவ்வொரு பக்கமும் வேறு பள்ளத்தாக்கு தெரியும்.

பதினொன்றரை: தாவரவியல் பூங்கா

வெயில் உறைக்கத் தொடங்கும்போது நிழலுக்கு வந்துவிட வேண்டும். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் பூங்காவும் ஆர்க்கிட் பண்ணையும் அதற்குத் தோதான இடம், 1963-இல் தொடங்கியது. பூக்கடை மாதிரி வரிசையாகப் பூத்துக் குலுங்கும் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் இது ஆராய்ச்சிக்காகவும் அழிந்துவரும் செடிகளைக் காப்பாற்றவும் வைத்திருக்கும் இடம். ஆர்க்கிட் வகை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதம் பூக்கும், பல பூக்கள் சுண்டுவிரல் நகத்தளவுதான். மெல்ல நடந்து, ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்ப்பவர்களுக்கு இது பொக்கிஷம். மேகாலயக் காட்டிலிருந்து வந்த குடுவைத் தாவரத்தைத் தேடிப் பாருங்கள், இலை நுனியில் குடுவை தொங்கும், அதற்குள் விழும் பூச்சியைச் செரித்துச் சத்தாக எடுத்துக்கொள்ளும். குழந்தைகள் அந்த ஒரு செடியிடமே பத்து நிமிடம் நிற்பார்கள். தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறை ஒன்றும் இங்கே இருக்கிறது, ஊழியரிடம் கேட்டால் காட்டுவார். வேலை நாளில் அங்கிருக்கும் ஊழியர்களிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், செடியைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கும் ஆசையாகத்தான் இருக்கும்.

மதியச் சாப்பாட்டைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. ஒண்டிக்கடையைச் சுற்றி மெஸ்களும் ஓட்டல்களும் இருக்கின்றன, ஒரு மணிக்கு முன்பே போய்விட்டால் இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால் வீட்டிலிருந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வருவதுதான் நல்லது. வண்டிக்குள் உட்கார்ந்தோ, குரங்கு இல்லாத இடமாகப் பார்த்தோ சாப்பிடுங்கள்.

இரண்டு மணியிலிருந்து: காபித் தோட்டத்துச் சாலை

எனக்கு ஏற்காடு என்றால் இந்த இரண்டு மணி நேரம்தான். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஏரிப் பக்கம் தொடங்கி நாகலூர் வழியாக எஸ்டேட்டுகளையும் கிராமங்களையும் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலை ஒன்று உண்டு, லூப் ரோடு என்றால் எல்லோருக்கும் தெரியும். முழுதும் சுற்றிவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வண்டியில் ஐந்தாறு கிலோமீட்டர் போய், அகலமான ஓரமாகப் பார்த்து நிறுத்தி, சாலையிலேயே ஒரு கிலோமீட்டர் முன்னும் பின்னும் நடங்கள். இருபுறமும் நெடுநெடுவென்று சில்வர் ஓக் மரங்கள், அவற்றின்மேல் தண்டே தெரியாத அளவு ஏறிய மிளகுக் கொடி, இடையிடையே பலா, ஆரஞ்சு, அடியில் இடுப்புயரக் காபிச் செடிகள். காபிக்கு நேர் வெயில் ஆகாது, அதனால்தான் மரங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், அதனால்தான் இங்கே இவ்வளவு பறவைகளும் இருக்கின்றன. கன்னத்தில் சிவப்புப் பொட்டு வைத்துத் தலையில் கறுப்புக் கொண்டையோடு ஒரு குருவி கூட்டம் கூட்டமாகக் கத்தும், அது செம்மீசைச் சின்னான்.

இந்த மலைக்குக் காபி வந்து இருநூறு வருடம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் கொண்டுவந்தார், அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட் பெயர் இன்றும் ஊரில் வழங்குகிறது. இங்கே அதிகம் விளைவது அராபிகா வகை. கோடையில் முதல் மழை விழுந்து பத்து நாளுக்குள் தோட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை வாசனைக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும் ஒரு வாசனை சாலையெல்லாம் நிற்கும், மூன்று நாலு நாளில் எல்லாம் முடிந்துவிடும். எந்தத் தேதி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மழை பெய்த செய்தியைப் பார்த்ததும் நாள் எண்ணத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான் வழி. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வந்தால் சிவந்த பழத்தைப் பறிப்பதும், தோல் நீக்கி, கழுவி, களத்தில் காயப்போட்டிருப்பதும் பார்க்கலாம்.

இரண்டு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். கேட் போட்டிருக்கும் எஸ்டேட்டுக்குள் கேட்காமல் போகாதீர்கள், அழகாக இருக்கிறது என்று ஒரு பழத்தைக்கூடப் பறிக்காதீர்கள், பறிக்கும் ஆளின் கூலி அந்தப் பழத்தின் எடையில்தான் இருக்கிறது. அப்புறம் காட்டெருமை. இந்தத் தோட்டங்களுக்குள் அவை நடமாடுகின்றன, பகலில்கூடச் சில சமயம் சாலையோரம் நிற்கும். பார்த்தால் சத்தம் போடாமல் நின்ற இடத்திலிருந்தே பின்வாங்கி வண்டிக்குள் போய்விடுங்கள். அமைதியாகத்தான் தெரியும், ஆனால் ஒரு டன் வரை எடையுள்ள விலங்கு அது, கன்றோடு இருந்தால் நிச்சயம் கிட்டே போகக்கூடாது. செல்ஃபி எடுக்கிற விஷயமே இல்லை. காட்டோரம் அடுப்பு மூட்டிச் சமைப்பதும் வேண்டாம், காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம், கோடையில் ஒரு பொறி போதும்.

காபித்தூள் வாங்குகிறவர்களுக்கு: சிக்கரி கலந்ததா என்று வெளிப்படையாகக் கேளுங்கள், கலந்தது என்றால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். வீட்டில் அரைக்க வசதி இருந்தால் வறுத்த கொட்டையாகவே வாங்குங்கள், தூளைவிட நாள்பட வாசனை நிற்கும். பீபெரி என்று சொன்னால் பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை, விலை கொஞ்சம் கூட இருக்கும். மிளகு வாங்கினால் நாலு மணியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், முற்றின மிளகு அடியில் போகும், சொத்தை மிதக்கும். காலம் பார்த்து வந்தால் மலை ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் சாலையோரத்திலேயே கிடைக்கும், விற்பவர்கள் பெரும்பாலும் மலைக் கிராமத்துப் பெண்கள், பேரம் ரொம்ப இழுக்காதீர்கள்.

கிளியூர் அருவி போகலாமா?

மழைக்காலத்தில் வந்தால் போகலாம், கோடையில் வேண்டாம். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக 300 அடி விழுகிறது, ஏரியில் வழியாதபோது அங்கே பாறை மட்டும்தான் இருக்கும். ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் போய், அங்கிருந்து செங்குத்தாகக் கீழே நடக்க வேண்டும். இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் தெரியும். முட்டிவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் மேலேயே இருந்துவிடுவது நல்லது. பலத்த மழைக்குப் பின் வழியை மூடியிருந்தால் காவலரிடம் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். போவதாக இருந்தால் காபித்தோட்ட நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும், இரண்டையும் முழுதாகச் செய்யப் பார்த்தால் சாயங்காலம் கெடும்.

நாலு மணி: ஏரி, அரை மணி நேரம்

இப்போது ஏரிக்கு வாருங்கள். படகு வேண்டும் என்றால் மிதிபடகு எடுங்கள், உங்கள் வேகத்தில் போகலாம், லைஃப் ஜாக்கெட்டைக் கொக்கி மாட்டிப் போடுங்கள், சும்மா தோளில் தொங்கவிடுவதால் பயனில்லை. வரிசை நீளமாக இருந்தால் படகை விட்டுவிட்டுப் பக்கத்து அண்ணா பூங்காவில் உட்காருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. மிளகாய் பஜ்ஜி சாப்பிட இதுதான் நேரம். கண் முன்னால் எண்ணெயில் போட்டு எடுப்பதாகப் பார்த்து வாங்குங்கள், சட்னியோடு, குளிர் காற்றில், ரொம்ப நன்றாக இருக்கும்.

சாயங்காலம்: லேடீஸ் சீட்

தென்மேற்கு விளிம்பு. கீழே சேலம் முழுக்க விரிந்து கிடக்கும், நீங்கள் ஏறி வந்த பாதை வளைந்து வளைந்து இறங்குவது தெரியும், வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மேட்டூர் அணை நீர் ஒரு கீற்றாக மின்னும். பக்கத்திலேயே ஜென்ட்ஸ் சீட்டும் சில்ட்ரன்ஸ் சீட்டும் இருக்கின்றன, லேடீஸ் சீட்டில் கூட்டம் என்றால் அங்கே நகர்ந்துவிடுங்கள், காட்சி பெரிதாக மாறாது. மதியத்தில் இங்கே வந்தால் சூட்டில் எல்லாம் மங்கலாகத் தெரியும், ஐந்து மணிக்கு மேல்தான் மலை மடிப்புகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியத் தொடங்கும்.

எவ்வளவு நேரம் இருப்பது என்பதில் உங்கள் ஓட்டுநர் யார் என்பதுதான் முக்கியம். மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் என்றால் சூரியன் மறையும்வரை காத்திருக்காதீர்கள், ஐந்தரைக்கே கிளம்பி வெளிச்சத்தில் இறங்கிவிடுங்கள். பழகிய ஓட்டுநர் இருந்தாலோ, மேலேயே இரவு தங்கினாலோ, ஏழு மணி வரை இருந்து சேலத்து விளக்குகள் ஒவ்வொரு தெருவாக எரிவதைப் பார்க்கலாம். பனிமூட்டம் இறங்கிவிட்டால் யாராக இருந்தாலும் உடனே கிளம்புவதுதான் சரி.

இறங்கும்போது

ஏறியதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விடவே கூடாது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வாருங்கள். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருகிறவர்கள் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு இறங்கினால் இன்ஜின் பிடிப்பு போய் எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல் விழும், அவ்வப்போது லேசாகத் திருகிக்கொண்டே வாருங்கள். இரண்டு பேருமே ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள்.

மண் சரிந்தோ சாலை வேலை நடந்தோ அடிவாரப் பாதை மூடியிருந்தால் கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கலாம். தூரம் கூடுதல், பாதை ஒடுக்கம், கூட்டம் குறைவு. கிளம்புமுன் ஒண்டிக்கடையில் எந்த ஆட்டோக்காரரிடம் கேட்டாலும் அன்றைய நிலவரம் சொல்லிவிடுவார். இரவில் முதல்முறையாக அந்த வழியில் போகாதீர்கள்.

குழந்தைகளோடு வந்து, மேலே மழை பிடித்துக்கொண்டு பாதி நாளிலேயே இறங்க வேண்டி வந்தால், அடிவாரத்திலேயே குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது, வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். இல்லை, பசியோடு சேலம் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றால், சாயங்காலம் தள்ளுவண்டிகளில் தட்டுவடை செட் போடுவார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட், கேரட்டும் வைத்துக் கொடுப்பது. காரம் குறைவாக வேண்டும் என்றால் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள், கையில் வாங்கிய உடனே சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தட்டை நமுத்துவிடும்.